நடுவில் இருக்கும் மேசையை எடுத்துவிடாதீர்கள்: எங்கள் வழிபாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் யூதச் சபையின் வழிபாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளி மாலையும் சனிக்கிழமைக் காலையும் நமக்கு முன்பாட்டுப் பாடி வழிபாட்டை நடத்திவந்த பெரியவர், வரும் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நோன்புநாளோடு அந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறார். அதன் பின் செய்யவிருக்கும் மாற்றங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை நிதானமாகப் படித்தேன். கூடத்தின் நடுவில் உள்ள பிமாவை, அதாவது நாம் சுற்றி உட்காரும் அந்த மரமேசையை, எடுத்துவிட்டு முன்சுவரை ஒட்டி உயரமான மேடை அமைப்பது. நல்ல ஒலிபெருக்கி வைப்பது. குரல் பயிற்சி பெற்ற பாடகர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது. எல்லாவற்றையும் இணையத்தில் ஒளிபரப்புவது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றே: மக்கள் இப்போதெல்லாம் பாடுவதில்லை, ஆகவே அவர்கள் கேட்பதற்காவது நல்ல பாட்டு இருக்கட்டும்.

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியே வந்து சேரும். தமிழில் பொதுவில் வைப்பதற்குக் காரணம், நான் யோசிப்பது தமிழில் என்பது மட்டுமன்று. கூடிப் பாடும் வழக்கம் உள்ள எவருக்கும், அவர்கள் எந்த நெறியைச் சேர்ந்தவர்களானாலும், இந்தச் சிக்கல் புரியும் என்று நம்புகிறேன்.

நான் பிறப்பால் இந்தச் சபைக்கு உரியவள் அல்லள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மார்கழி விடியலில் பஜனை கோஷ்டியின் பின்னால் பாடிக்கொண்டே தெருச் சுற்றி வளர்ந்தவள்; திருமணத்தின் வழியாக உங்களிடம் வந்து, முறைப்படி படித்து, யூத நெறியை ஏற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எபிரேய எழுத்தே தெரியாத அந்த முதல் வாரத்தில், சித்தூர் என்ற வழிபாட்டு நூலைத் தலைகீழாகப் பிடித்திருந்த என்னை இந்தச் சபைக்குள் இழுத்துக்கொண்டது பாட்டுதான். நான் உட்கார்ந்திருந்த இடம் பிமாவிலிருந்து இரண்டாவது வரிசை. பெரியவர் நிகுன் என்னும் சொல்லில்லாத மெட்டு ஒன்றைத் தொடங்கினார். முதல் சுற்றை அவர் மட்டும், பக்கத்தில் உள்ளவருக்குச் சொல்வதைப் போல மெல்லப் பாடினார். வலது உள்ளங்கை மேசை மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் சுற்றில் மேசையைச் சுற்றியிருந்த நாலைந்து பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் சுற்றில் கூடம் முழுவதும் சேர்ந்தது. சொல் இல்லாத பாட்டாகையால் நானும் சேர முடிந்தது. நான்காம் சுற்றில் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாய் மூடியிருந்தது. தலையைச் சற்றே சாய்த்து எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் தாளத்தை விடவில்லை.

அவருடைய குரல் பெரிய குரல் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல் அது. மேல் ஸ்தாயியில் கரகரக்கும். ஆனால் அந்தப் பொறுப்புக்கு எபிரேயத்தில் வழங்கும் பெயரை எண்ணிப் பாருங்கள். ஷலியாஹ் ட்ஸிபூர் என்றால் சபையின் தூதர். தூது போகிறவர் சொல்லவேண்டியது அனுப்பியவருடைய சொல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல், தனியாகத் தொழுகிறவர் தொழுகையில் தவறினால் அது அவருக்குக் கெட்ட அறிகுறி என்றும், சபையின் தூதர் தவறினால் அது அவரை அனுப்பியவர்களுக்குக் கெட்ட அறிகுறி என்றும் சொல்கிறது. ஒருவருடைய தூதர் அவரே போன்றவர் என்பது அதற்குக் காட்டும் காரணம். அந்தத் தூதர் வழிபாட்டுக்குப் போவதைக் குறிக்கப் பழைய நூல்கள் ஆளும் வினை, மறைச்சுருள்கள் வைக்கும் பேழையின் முன்னே 'இறங்குவது' என்பது. உயரமான இடத்தில் நின்று தொழ வேண்டாம், தாழ்ந்த இடத்தில் நின்று தொழுங்கள் என்று, மிஷ்னாவையும் அதன்மேல் ரபிகள் என்ற சமய ஆசிரியர்கள் நடத்திய விவாதங்களையும் கொண்ட தல்மூத் கூறி, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்ற 130ஆம் சங்கீதத்தைச் சான்று காட்டுகிறது. பிராக் நகரில் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு இன்றும் வழிபாடு நடக்கும் அல்ட்நோய் ஜெபக்கூடத்துக்குத் தெருமட்டத்திலிருந்து படியிறங்கித்தான் போகவேண்டும். உள்ளே பிமா நடுவில் இருக்கிறது. இறங்கவேண்டிய ஒருவரை ஏற்றிவைக்க நாம் ஏன் பணம் திரட்ட வேண்டும்?

நடுவில் என்பதும் தற்செயலாக வந்ததன்று. எல்லோருக்கும் கேட்கும்படி கூடத்தின் நடுவில் பிமாவை அமைக்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ் எழுதினார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த மாபெரும் ஜெபக்கூடத்தைப் பற்றித் தல்மூத் ஒரு காட்சியைத் தருகிறது. கூடம் மிகப் பெரியது. முன்பாட்டுக்காரர் சொல்லும் ஆசி கடைசி வரிசைக்கு எட்டாது. நடுவில் மரத்தாலான பிமா இருந்தது. அதன்மேல் ஹஸான், அந்தக் காலத்தில் ஜெபக்கூடத்தின் பணியாளர், கையில் துணியோடு நின்றார். ஆமேன் சொல்லவேண்டிய இடம் வந்ததும் அவர் துணியை வீசுவார். மக்கள் அனைவரும் ஒரே குரலில் ஆமேன் என்பார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். கடைசி வரிசைக்கு முன்பாட்டுக்காரர் குரல் கேட்கவில்லை என்ற குறைக்கு அந்தச் சபை கண்ட தீர்வு, கடைசி வரிசையின் குரலை எழுப்புவது. நாம் அதே குறைக்கு ஒலிபெருக்கி வாங்கப் போகிறோம். ஆசி சொல்பவரைவிட ஆமேன் சொல்பவர் பெரியவர் என்றொரு கூற்றும் அதே தல்மூத்தில் இருக்கிறது. எல்லா ரபிகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், அப்படி ஒரு விவாதம் நடந்ததே பின்பாட்டுக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

என் பிறந்த மண்ணுக்கு அண்டையில் உள்ள கொச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபக்கூடத்தைப் பார்க்க இரு முறை போயிருக்கிறேன். பிமா நடுவில், அதோடு கேரள ஜெபக்கூடங்களுக்கே உரிய வழக்கமாக, மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது பிமா ஒன்றும் உண்டு. கீழே ஒன்று, மேலே ஒன்று. அந்தச் சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகளைக் கையேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். 1950களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடியேறியபோது அந்தக் கையேடுகளும் கூடவே போயின. கூடத்தில் பாட ஆளில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை அங்கே நின்று நான் உணர்ந்தேன். நம் கூடத்தில் ஆள் இருக்கிறார்கள். அவர்களைப் பாடாமல் உட்கார வைப்பதா?

மக்கள் பாடுவதில்லை என்று நீங்கள் சொல்வது பொய்யன்று. நானும் கவனிக்கிறேன். ஆனால் எப்போதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு நாம் திரையின் முன்னால் உட்கார்ந்து தொழுதோம். இணையத்தில் ஒருவர் குரல் மற்றவரை அடையச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் பலர் சேர்ந்து பாடினால் தாளம் சிதறிக் கூச்சலாகும். ஆகவே எல்லோருடைய ஒலிவாங்கியையும் அடைத்துவிட்டு, நடத்துபவர் குரலை மட்டும் திறந்துவைத்தோம். வேறு வழி இருக்கவில்லை. அதற்காக எவரையும் நான் குறை சொல்லவில்லை. பிறகு கூடத்துக்குத் திரும்பியபோதும் முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, மெல்ல முணுமுணுக்கச் சொன்னோம். தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடினால் தன் குரல் தனக்கே எவ்வளவு வெறுமையாகக் கேட்கும் என்பதை அந்தக் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்டார்கள். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. நாற்காலிகளும் அன்று போட்ட இடைவெளியிலேயே இருக்கின்றன. எவரும் அவற்றை நெருக்கிப் போடவில்லை. அடைத்த குரலைத் திறப்பதற்குப் பதிலாக, அடைத்தபடியே இருக்கட்டும், மேலே நல்ல பாட்டை ஊற்றுவோம் என்பதுதான் உங்கள் சுற்றறிக்கையின் உட்பொருளாக எனக்குப் படுகிறது.

சென்ற யோம் கிப்பூர் அன்று, பெரியவருக்கு உடல்நலம் இல்லாததால் நீங்கள் வரவழைத்த பாடகர் நன்றாகப் பாடினார். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவினு மல்கேனு என்ற மன்றாட்டின் வரிகளை அவர் கச்சேரி அமைப்பில் விரிவாகப் பாடினார். கூடம் அசையாமல் கேட்டது. கடைசி வரி வந்தது. எங்களிடம் நற்செயல் இல்லை, எங்களுக்கு இரங்கும் என்ற அந்த வரியைச் சபை முழுவதும் பழைய மெட்டில் சேர்ந்து பாடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார். மேடையில் அந்த வரி வேறு மெட்டில், அவர் அறியாத சுருதியில், உயரே போய்க்கொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். சேவை முடிந்தபின் அவர் என்னிடம் எதையும் முறையிடவில்லை. அருமையான குரல் என்றுதான் சொன்னார். அடுத்த ஆண்டு அவர் இருப்பாரோ மாட்டாரோ என்ற எண்ணம் அன்றிரவு நோன்பு முடித்த பிறகும் என்னை விடவில்லை. அந்த வரியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை இருந்தது?

புத்தாண்டும் யோம் கிப்பூரும் ஆகிய உயர்நாள்களின் மெட்டுகளைப் பற்றி நம் முன்னோர் கண்டிப்பாக இருந்தார்கள். 1427இல் மறைந்த, மஹரில் என்று பெயர் வழங்கும் ரபி, ஊர் வழக்கத்தை மாற்றக் கூடாது, அந்த ஊருக்குப் பழகாத மெட்டைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்றார். பிற்காலச் சட்ட நூல்களும் அதை எடுத்துப் பதிவுசெய்தன. அது இசை தெரியாதவர்களின் பழமைவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரே ஒரு முன்பாட்டுக்காரர். சபைக்குத் தெரிந்த மெட்டு என்பது சபையின் சொத்து என்பதை அறிந்தவர்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். நான் முதன்முதலில் வழிபாட்டை நடத்திய வெள்ளி மாலை, லெகா தோதி என்ற ஓய்வுநாள் வரவேற்புப் பாட்டை 5 கட்டையில் தொடங்கினேன். கர்நாடக இசை படித்த பெண்கள் பலருக்கும் பழக்கமான சுருதி அது. என் குரல் அதில் நன்றாக நிற்கும். மூன்றாம் கண்ணிக்குள் ஆண்கள் எல்லோரும் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி மறைந்துவிட்டார்கள். பெண்களில் பாதிப்பேர் மேலே எட்ட முடியாமல் நின்றுவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு வரியின் முடிவிலும் கமகம் சேர்த்தேன். ஏழாம் கண்ணி வந்தபோது நான் தனியாகப் பாடிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பலர் வந்து பாராட்டினார்கள். பெரியவர் பாராட்டவில்லை. கூடம் காலியான பிறகு என்னை மேசைக்கு அழைத்து, சுருதி உன்னுடையது இல்லை, அவர்களுடையது என்றார். எவரும் சிரமப்படாத சுருதியை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார்: பாட்டின் மிக உயர்ந்த இடம் எது என்று முதலில் மனத்துக்குள் பாடிப் பார், முன்வரிசையில் உள்ள தாத்தா அந்த இடத்தை முகம் சுளிக்காமல் தொடுவாரா என்று யோசி, அதிலிருந்து இறங்கிவந்து தொடக்கத்தைப் பிடி. அடுத்த முறை 2 கட்டைக்குக் கீழே தொடங்கினேன். என் குரல் அங்கே மங்கும். ஆனால் கூடம் ஒலித்தது.

16ஆம் நூற்றாண்டில் ஸஃபேது நகரில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் இயற்றிய அந்தப் பாட்டு, முன்பாட்டுக்காரருக்கு நல்ல பள்ளிக்கூடம். கண்ணிகளின் முதலெழுத்துகளில் அவருடைய பெயர் கோக்கப்பட்டிருக்கிறது. பல்லவி ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் திரும்பி வரும். எத்தனையோ மெட்டுகளில் அதைப் பாடலாம். பாதியில் மெட்டை மாற்றும் வழக்கம் பல சபைகளில் உண்டு. கடைசிக் கண்ணியில் எல்லோரும் எழுந்து வாசலை நோக்கித் திரும்பி, ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்று வணங்குவார்கள். அந்தக் கணத்தில் முன்பாட்டுக்காரருக்கு முதுகைக் காட்டியபடி நூறு பேர் பாடிக்கொண்டிருப்பார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பாடும் கூட்டமாக இருந்தால், அங்கே பாட்டு நின்றுவிடும்.

தூதர் எப்படிப் பாடவேண்டும் என்பதை நம் ரபிகள் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தார்கள் என்பதற்குத் தல்மூதின் ஸோதா பகுதியில் ஒரு விவாதம் இருக்கிறது. செங்கடலைக் கடந்தபின் மோசேயும் மக்களும் சேர்ந்து பாடினார்களே, அது எப்படி நடந்தது என்று கேட்கிறார்கள். வயது வந்த ஒருவர் ஹலேல் என்ற புகழ்ச்சிச் சங்கீதங்களைப் பாட, மக்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரே தொடக்க அடியைப் பல்லவியாகத் திருப்பிச் சொல்வார்களே, அப்படி என்கிறார் ரபி அகிவா. சிறுவன் ஒருவன் வரி வரியாகச் சொல்ல, மக்கள் அதே வரியை அப்படியே திருப்பிச் சொல்வார்களே, அப்படி என்கிறார் இன்னொருவர். ஜெபக்கூடத்தில் ஷெமா என்ற நம்பிக்கை அறிக்கையைத் தொடங்குபவர் தொடங்கிக் கொடுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டு சேர்ந்து சொல்வார்களே, அப்படி என்கிறார் ரபி நெகேமியா. பஜனையில் வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது ஊர்த் தெருவே கண்முன் வந்தது. இந்த மூன்று முறையும் எங்கள் கோஷ்டியிலும் உண்டு. பாட்டே தெரியாத கூட்டத்துக்கு வரி வரியாக ஊட்ட வேண்டும். பாதி தெரிந்தவர்களுக்குப் பல்லவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணியைத் தான் பாடவேண்டும். தெரிந்தவர்களுக்குத் தொடக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகவேண்டும். இந்த வாரம் கூடத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள், விருந்தினர் எத்தனை பேர், துக்கம் காப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தே எந்த முறை என்பதை முடிவுசெய்ய முடியும். உயர மேடையில், விளக்கு முகத்தில் அடிக்க, தன் குரலே ஒலிபெருக்கியில் தனக்குத் திரும்பி வர நிற்பவருக்கு இது எதுவும் தெரியாது. எவ்வளவு திறமை இருந்தாலும் தெரியாது.

முறையாகப் பயிற்சி பெற்ற முன்பாட்டுக்காரர்களான இன்றைய ஹஸான்களுக்கு நான் எதிரானவள் அல்லள். வாரநாளுக்கு ஒன்று, ஷபாத் என்ற ஓய்வுநாளுக்கு ஒன்று, உயர்நாள்களுக்கு ஒன்று என்று காலத்துக்கேற்ப மாறும் நுசாஹ் என்ற பண்முறையைக் காத்துவருபவர்கள் அவர்களே. அஹவா ரபா என்ற அந்தப் பண்ணை முதன்முதலில் கேட்டபோது, இது எங்கள் வகுளாபரண ராகம் அல்லவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்வரங்கள் அப்படியே பொருந்தும். புகழ்பெற்ற ஹஸான் யோஸெலே ரோசென்ப்ளாட் 1918இல் சிகாகோ ஒபராவின் அழைப்பை மறுத்துவிட்டுத் தொழுகைப் பீடத்திலேயே நின்றவர்; அவருடைய பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு அழுதிருக்கிறேன். தனிக்குரலுக்கு வழிபாட்டில் இடம் உண்டு. எவ்வளவு இடம் என்பதே கேள்வி. 1565இல் அச்சான ஷுல்ஹான் அரூக் என்ற சட்ட நூலில் யோசேப்பு காரோ அதற்கு விடை எழுதியிருக்கிறார்: தன் இனிய குரலை மக்கள் கேட்பதற்காகத் தொழுகையை நீட்டுபவர், கடவுளை இனிமையாகப் புகழ முடிகிறதே என்ற மகிழ்ச்சியால் நீட்டினால் அவருக்கு ஆசி உண்டாகட்டும், தன் குரலில் தானே மகிழ்ந்து நீட்டினால் அது இழிவு, எப்படியானாலும் அதிகம் நீட்டுபவர் நன்மை செய்யவில்லை, ஏனென்றால் அது சபைக்குப் பாரம். முதற்பகுதியில் உள்ள பெருந்தன்மையையும் கடைசிப் பகுதியில் உள்ள கண்டிப்பையும் ஒருசேரக் கவனியுங்கள்.

பிமாவை முன்சுவருக்கு நகர்த்துவது புதிய யோசனையும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் செருமனியிலும் ஆஸ்திரியாவிலும் சீர்திருத்த நோக்கம் கொண்ட சபைகள் அப்படிச் செய்தன. 1818இல் திறக்கப்பட்ட ஹாம்பர்க் ஆலயத்தில் ஆர்கன் இசையும் பாடகர் குழுவும் வந்தன. எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. 1865இல் அன்றைய ஹங்கேரியின் மிஹலோவ்ட்ஸே ஊரில் கூடிய ரபிகள், நடுவில் பிமா இல்லாத ஜெபக்கூடத்துக்குள் போகவே கூடாது என்று தடை விதித்தார்கள். அந்தத் தடைப்பட்டியலை நான் ஆதரிக்க முடியாது. உள்ளூர் மொழியில் சமயவுரை ஆற்றுவதையும் அது தடுத்தது, அதன்படி பார்த்தால் நம் சபையே வெளியில் நிற்கவேண்டும். மின்யான் எனப்படும், பொது வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேரில் பெண்களையும் கணக்கிடலாம் என்று 1973இல் கன்சர்வேடிவ் பிரிவான நம் இயக்கம் முடிவெடுத்திராவிட்டால், 1987இல் பெண்களுக்கு ஹஸான் பட்டம் வழங்கியிராவிட்டால், இந்த மடலை எழுதும் இடத்தில் நான் இருந்திருக்க மாட்டேன். மாற்றம் எனக்கு அச்சம் தரவில்லை. எந்த மாற்றம் வாயைத் திறக்கிறது, எந்த மாற்றம் மூடுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

வாயைத் திறந்த மாற்றத்துக்கு அமெரிக்காவிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951இல் பிறந்த டெபி ஃப்ரீட்மன் பெரிய ஒபரா குரலோடு வந்தவர் அல்லர். கோடை முகாம்களில் கிதாரை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பாடவைத்தவர். பிணியுற்றவர்களுக்காகச் சொல்லும் மி ஷெபேராக் ஆசிக்கு அவர் அமைத்த மெட்டு, எபிரேயமும் ஆங்கிலமும் கலந்தது, இன்று எத்தனையோ சபைகளில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதைப் பாடும்போது நம் கூடத்தில் நோயுற்றவர் பெயரைச் சொல்ல முடியாமல் தொண்டை அடைத்து நிற்பவருக்குப் பதிலாக மற்றவர்கள் பாடுவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். 2011இல் அவர் மறைந்த பிறகு, 1948இல் தொடங்கப்பட்ட ஹீப்ரூ யூனியன் கல்லூரியின் இறையிசைப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஹஸான்களைப் பயிற்றும் பள்ளிக்கு, மக்களைப் பாடவைத்த ஒருவரின் பெயர்.

காது மங்கியவர்களுக்கு என்ன வழி, வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு என்ன வழி என்று உங்களில் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. காதுக்கருவிக்கு நேராக ஒலி அனுப்பும் வசதி இருக்கிறது. மேடைக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பகுதி அதற்குப் போதும். ஒளிபரப்புக்கான ஒலிவாங்கியை முன்பாட்டுக்காரர் வாயருகே வைக்காமல் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கவிடுங்கள். படுக்கையில் இருந்து கேட்பவருக்குத் தேவையானது தான் தொழுத கூடத்தின் ஒலி. பக்கத்து இருக்கைக்காரரின் அபஸ்வரமும் இருமலும் அதில் இருக்கட்டும்.

பெரியவரின் இடத்துக்கு யார் என்பதற்கு வருகிறேன். ஒருவரைத் தேடாதீர்கள், ஐந்தாறு பேரைத் தேடுங்கள். அவர்கள் நம் உறுப்பினர்களாகவே இருக்கட்டும். சம்பளம் கொடுத்து ஒரு ஹஸானை அமர்த்துவதானால், அவர் வேலையில் பாதி இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தேர்வுக்கு வருபவரைத் தனிப்பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமைக் காலை ஏழு மணிக்கு, பத்துப் பேர் சேருவதே பாடாக இருக்கும் அந்த மின்யானை நடத்தச் சொல்லுங்கள். துக்கம் காப்பவர் சொல்லும் கதீஷ் செபத்தைச் சொல்ல வந்தவர் தடுமாறும்போது அவர் வேகத்தைக் குறைக்கிறாரா என்று பாருங்கள். புதிய மெட்டு ஒன்றைச் சபைக்குக் கற்பிக்கச் சொல்லி, ஒரு மாதம் கழித்து அவர் இல்லாத வாரத்தில் அந்த மெட்டு கூடத்தில் தானாக எழுகிறதா என்று பாருங்கள். முன்பாட்டுப் பாட அழைத்ததும் துள்ளி எழுபவரைவிடச் சற்றே தயங்குபவர் நல்லவர் என்று தல்மூத் சொல்கிறது: முதல் அழைப்பில் மறுக்கவேண்டும், இரண்டாவதில் தயங்கவேண்டும், மூன்றாவதில் எழுந்து போகவேண்டும். மறுக்கவே மறுக்காதவர் உப்பில்லாப் பண்டம். அளவுக்கு மீறி மறுப்பவர் உப்புக் கரிக்கும் பண்டம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவள் நான். இந்த வரியைக் கற்ற நாளில் தல்மூத் எனக்கு அந்நியமான நூலாக இருப்பதை நிறுத்திவிட்டது.

புதிய மெட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு வழிபாட்டில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையே ஆறு வாரம் விடாமல் பாடுங்கள். ஏழாவது வாரம் அது பழைய மெட்டாகிவிடும். பழைய மெட்டுகள் எவை எவை என்று மூதாட்டிகளைக் கேட்டுப் பதிவுசெய்து வைக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள். இதற்குப் பணமே வேண்டாம். வியாழன் இரவு நாலு பேர் வந்தால் போதும், அந்த நாலு பேரில் நானும் என் கணவரும் இருவர். பக்கத்தில் உள்ளவர் மூச்சை இழுப்பது காதில் விழும் தொலைவில்தான் மனிதர்கள் துணிந்து பாடுகிறார்கள். பதினைந்து அடிக்கு ஒருவராக உட்காரவைத்துவிட்டு, பாடவில்லையே என்று அவர்களைக் குறைசொல்வது முறையாகாது.

உங்கள் வாக்கெடுப்பு இந்த மாத இறுதி ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வெள்ளி மாலை பெரியவர் நடத்துகிறார்; அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் எழுதுகிறேன். குழுவில் உள்ள ஒன்பது பேரும் அன்று வழக்கமாக அமரும் பின்வரிசையை விட்டு, மேசையை ஒட்டியுள்ள முதல் சுற்றில் வந்து உட்காருங்கள். பாடத் தெரியாது என்று சொல்லும் உங்கள் தலைவர் அவருடைய வலக்கைப் பக்கம் உட்காரட்டும். அந்த இருக்கையில்தான் மேசையின் தட்டல் முழங்கை வழியாக ஏறும். ஒலிபெருக்கியை அன்று ஒருநாள் அணைத்துவையுங்கள். 95ஆம் சங்கீதத்தில் அவர் தொடங்குவார். லெகா தோதி வரும்வரை எதையும் முடிவுசெய்யாமல் இருங்கள். கடைசிக் கண்ணியில் எல்லோரோடும் எழுந்து வாசல் பக்கம் திரும்புங்கள். அந்த மூதாட்டிக்கு உங்கள் நடுவில் ஓர் இடம் விட்டுவையுங்கள். அவரை நான் அழைத்து வருகிறேன்.

மரியாதையுடனும் அன்புடனும்,
உங்கள் சபையின் உறுப்பினர் ஒருவர்